தோல்விக்கும் ஓர் அறிக்கை நடை: பேஸ்பால் அணிகளைப் பற்றிய சமூக ஊடகப் பகடி

1962 ஏப்ரலில், அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணி, ஹாரி சிட்டி என்ற கேட்சரை (பந்துவீச்சாளர் வீசும் பந்தைப் பிடிப்பவரை) கிளீவ்லாந்து அணியிடமிருந்து பெற்றது. ஈடாக என்ன தருவது என்பது அன்று முடிவாகவில்லை. "பின்னர் பெயர் அறிவிக்கப்படும் ஓர் ஆட்டக்காரர்" என்று மட்டும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார்கள். அமெரிக்கப் பேஸ்பாலில் இன்றும் நடைமுறையில் உள்ள வழக்கம் அது. ஜூன் மாதத்தில் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய வேளை வந்தபோது மெட்ஸ் நிர்வாகம் திருப்பிக் கொடுத்தது அதே ஹாரி சிட்டியைத்தான். தனக்கு ஈடாகத் தானே அனுப்பப்பட்ட ஆட்டக்காரர் என்று அவர் பேஸ்பால் வரலாற்றில் இடம்பெற்றார். அந்தப் பருவத்தில் 40 ஆட்டங்களில் வென்று 120 ஆட்டங்களில் தோற்ற அணியும் தன் பெயரை அப்படியே நிலைநாட்டிக்கொண்டது. மெட்ஸ் அணியைப் பற்றிச் சமூக ஊடகத்தில் பகடி எழுத உட்காருபவருக்கு முதல் போட்டியாளர் இந்த உண்மை வரலாறுதான்.

போட்டி அத்துடன் முடிவதுமில்லை. பாபி போனியா என்ற ஆட்டக்காரருக்கு 2000ஆம் ஆண்டுப் பருவத்துக்காகத் தரவேண்டியிருந்த சுமார் 59 லட்சம் டாலரை மெட்ஸ் நிர்வாகம் உடனே தராமல், 8 விழுக்காடு வட்டியுடன் தவணைகளாகத் தர ஒப்புக்கொண்டது. அதன்படி 2011 முதல் 2035 வரை ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று அவருக்கு 11,93,248 டாலரும் 20 சென்ட்டும் போய்ச் சேருகின்றன. அவர் கடைசியாக ஆடியது 2001இல். ஆண்டுதோறும் அந்த நாள் "பாபி போனியா தினம்" என்று இணையத்தில் கொண்டாடப்படுகிறது. அன்று வெளியாகும் நூற்றுக்கணக்கான கேலிப் பதிவுகளில் எனக்கு மிகச் சிறந்ததாகத் தோன்றுவது, எந்தக் கருத்தும் சேர்க்காமல் அந்தத் தொகையை 20 சென்ட் உட்பட அப்படியே எழுதிவிடும் பதிவு. அந்த 20 சென்ட் செய்யும் வேலையை எந்த உவமையாலும் செய்ய முடியாது. மெட்ஸ் ரசிகர்கள் தங்கள் அணியின் விபத்துகளை மொத்தமாகக் குறிக்க "லோல்மெட்ஸ்" (இணையத்தில் சிரிப்பைக் குறிக்கும் "லோல்" என்பதோடு மெட்ஸ்) என்ற ஒற்றைச் சொல்லையே உருவாக்கி வைத்திருப்பதும் இத்தகைய கையிருப்பின் விளைவுதான்.

பேஸ்பால் ஏன் இந்த வகை எழுத்துக்கு இவ்வளவு இடம் தருகிறது என்பதற்கு எண்ணிக்கையே முதல் காரணம். மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் உள்ளன. மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரை ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஐபிஎல் அணி ஒன்று லீக் சுற்றில் 14 ஆட்டங்கள் ஆடுவதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இங்கே தோல்வி என்பது திடீர் அதிர்ச்சியாக அல்லாமல் அன்றாட அலுவலாக ஆகிவிடுவது புரியும். மிகச் சிறந்த அணிகூட ஒரு பருவத்தில் ஐம்பது, அறுபது முறை தோற்கிறது. ஆத்திரத்தை ஆறு மாதம் தினமும் கட்டிக்காக்க யாராலும் முடியாது என்பதால், ரசிகரின் கோபம் விரைவிலேயே சலிப்பாகவும், சலிப்பு நகைச்சுவையாகவும் மாறுகிறது.

இரண்டாவது காரணம் மொழி சார்ந்தது. பேஸ்பால் அணிகள் நாள்தோறும் வெளியிடும் அறிவிப்புகளுக்கு அரசாணையை ஒத்த ஓர் இறுகிய நடை உண்டு. ஆட்டக்காரர் ஒருவர் 10 நாள் காயப் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்; அந்த நடவடிக்கை இரண்டு நாள் முன்தேதியிலிருந்து அமலாகிறது; அவர் இடத்துக்குத் துணை லீக் அணியிலிருந்து வேறொருவர் அழைக்கப்படுகிறார்; பட்டியலில் இடம் உண்டாக்க மூன்றாமவர் விடுவிக்கப்படுகிறார். ஒரு பந்துவீச்சாளரின் முழங்கை மூட்டின் இணைப்புநார் கிழிந்து ஓராண்டுக்கு மேல் அவர் ஆட முடியாமல் போகவிருக்கும் நிலையிலும், முதல் அறிவிப்பில் "முன்கையில் இறுக்கம்" என்றுதான் இருக்கும். ரசிகர்கள் இந்த நடையை வரிக்கு வரி அறிந்தவர்கள். அந்த இரண்டு சொற்களைப் பார்த்ததுமே அவர்கள் அறுவை சிகிச்சையைக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். இப்படி எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையில் சொல்லாமலே விளங்கும் ஒரு மரபு இருக்கும்போது, பகடிக்காரர் செய்ய வேண்டியது மிகக் குறைவு. அறிவிப்பின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு ஓர் உறுப்பை மட்டும் மாற்றினால் போதும்.

எடுத்துக்காட்டாக நாமே ஒன்றை எழுதிப் பார்க்கலாம்: "இன்றைய அணி நடவடிக்கைகள்: எட்டாவது இன்னிங்ஸ் மீதான நம்பிக்கை 60 நாள் காயப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது; இது கடந்த செவ்வாய்க்கிழமை முதல் அமலுக்கு வருகிறது." இதில் வசைச் சொல் எதுவும் இல்லை, ஆட்டக்காரர் பெயரும் இல்லை. ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் அந்தக் கடைசிக்கு முந்தைய கட்டத்தில் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்பது அந்த அணியைப் பின்தொடர்பவருக்கு மட்டும் தெரியும். மாறாக, இதே செய்தியை "இந்த அணி எவ்வளவு மோசம், எட்டாவது இன்னிங்ஸில் எப்போதும் தோற்கிறது" என்று எழுதினால் அது வெறும் புலம்பலாகிவிடும். புள்ளிவிவரப் பகடியும் இவ்வாறே இயங்குகிறது. தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் ஓயாமல் சொல்லும் "இன்ன ஆண்டுக்குப் பிறகு இன்ன சாதனையைச் செய்த முதல் இடக்கை ஆட்டக்காரர்" என்ற வாய்பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் நிபந்தனைகளை மெல்ல மெல்லப் பெருக்கி, கடைசியில் மழை பெய்த புதன்கிழமையில் ஆடுகளத்தின் இரண்டாம் தளத்தருகே (செகண்ட் பேஸ்) தடுக்கி விழுந்ததில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். முகத்தைச் சுளிக்காமல் சொல்ல வேண்டும் என்பதே இந்தக் கலையின் முழு இலக்கணம் என்று சொல்லிவிடலாம்.

ஆனால், நடையை இவ்வளவு ஒத்து எழுதுவதில்தான் சிக்கலும் இருக்கிறது. பகடிப் பதிவும் போலிப் பதிவும் ஒரே கருவிகளைக் கொண்டு செய்யப்படுகின்றன: அதே சின்னம், அதே எழுத்துரு, அதே இறுக்கமான வாக்கியம். வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது போதுமான விளக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனெனில் படிப்பவருக்கு நோக்கம் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படுவது எழுத்து மட்டுமே. ஆகவே வேறுபாட்டையும் எழுத்துக்குள்ளேயே தேட வேண்டும். போலி தான் பிடிபடாமல் இருப்பதற்காக எழுதப்படுகிறது. பகடியோ பிடிபடுவதற்காகவே எழுதப்படுகிறது. வாசகர் அதைக் கண்டுபிடிக்கும் கணம்தான் அதன் பயன். அப்படியானால் பூட்டோடு சாவியையும் பதிவுக்குள் வைத்துவிட்டுப் போக வேண்டியது எழுதுபவரின் கடமையாகிறது.

சாவி வைப்பதற்கு இதே மெட்ஸ் அணியைச் சுற்றி ஒரு சிறந்த முன்மாதிரி, சமூக ஊடகம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே உண்டு. 1985 ஏப்ரல் 1 தேதியிட்ட ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் ஜார்ஜ் பிளிம்ப்டன் எழுதிய நீண்ட கட்டுரை, மெட்ஸ் பயிற்சி முகாமில் சிட் ஃபிஞ்ச் என்ற மர்ம இளைஞர் மணிக்கு 168 மைல் வேகத்தில் பந்து வீசுவதாக அறிவித்தது. அவர் திபெத்தில் யோகம் பயின்றவர். ஒரு காலில் மலையேறும் காலணியும் மறுகால் வெறுங்காலுமாகப் பந்து வீசுபவர். பிரெஞ்சு ஹார்ன் வாசிப்பவர். மெட்ஸ் நிர்வாகமும் உடன்பட்டு, அந்த வேடத்தில் நடித்தவருக்குச் சீருடை கொடுத்துப் படமெடுக்க இடமளித்தது. பலர் நம்பினார்கள். ஆனால் கட்டுரைத் தலைப்பின் கீழிருந்த அறிமுக வாக்கியங்களில் உள்ள சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்தால் முட்டாள்கள் தின வாழ்த்து வரும்படி இதழ் அமைத்திருந்தது; இதழின் தேதியும் கண்ணெதிரே இருந்தது. ஏமாந்தவர் மறுமுறை படித்தபோது, விடை முதலிலிருந்தே தம் கையில் இருந்ததை உணர்ந்தார். நம்பியதற்காக வெட்கப்பட வைத்தாலும், ஏமாற்றப்பட்டதாகக் கோபப்பட வைக்காத எழுத்து அது.

சாவி இருந்தும் பகடி தவறிப்போகலாம் என்பதற்கு 2009ஆம் ஆண்டின் டோனி லா ரூசா வழக்கு சான்று. அப்போது செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் மேலாளராக (பேஸ்பாலில் தலைமைப் பயிற்சியாளரைப் போன்றவர்) இருந்த அவர் பெயரிலும் படத்துடனும் ட்விட்டரில் ஒரு கணக்கு இயங்கியது. சிகாகோவில் ஆடிய தொடரைப் பற்றிய ஒரு பதிவு, மூன்றில் இரண்டு ஆட்டங்களைத் தோற்றாலும், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய சம்பவமோ பந்துவீச்சாளர் மரணமோ இல்லாமல் ஊர் திரும்புகிறோம் என்ற பொருளில் அமைந்திருந்தது. கார்டினல்ஸ் பந்துவீச்சாளர் டாரில் கைல் 2002இல் சிகாகோ விடுதி அறையில் இதயநோயால் இறந்திருந்தார். ஜோஷ் ஹான்காக் என்ற இன்னொரு பந்துவீச்சாளர் 2007 ஏப்ரலில் போதையில் காரோட்டி விபத்தில் இறந்திருந்தார். அதற்கு முந்தைய மாதம் லா ரூசாவே போதையில் வண்டி ஓட்டியதற்காகக் கைதாகியிருந்தார். லா ரூசா 2009 மே மாதத்தில் ட்விட்டர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். அவருடைய புகாரில் ஒரு நுட்பமான வாதம் இருந்தது: அந்தக் கணக்கின் பக்கத்தில் "டோனி லா ரூசா ட்விட்டரைப் பயன்படுத்துகிறார்" என்று ட்விட்டரே தன் வழக்கமான வரவேற்பு வாசகத்தை இட்டிருந்தது. அதாவது பொய்யைச் சொன்னது பகடிக்காரர் மட்டும் அல்லர், தளத்தின் இயந்திர வாசகமும்தான்.

அடுத்த மாதமே, 2009 ஜூன் 6 அன்று, ட்விட்டர் தன் வலைப்பதிவில் இந்த வழக்கைக் குறிப்பிட்டு அதன் குற்றச்சாட்டை மறுத்துரைத்ததோடு, புகழ்பெற்றவர்களின் கணக்குகளைச் சரிபார்த்து அடையாளமிடும் திட்டத்தையும் அறிவித்தது. வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. இன்று உலகமே அறிந்த அந்த நீலக் குறியின் பிறப்பில் ஒரு பேஸ்பால் மேலாளரைப் பற்றிய கரடுமுரடான கேலிக்கும் பங்கு உண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கும். என் கணிப்பில் அந்தப் பதிவின் குற்றம் பெயரைப் பயன்படுத்தியதில் இல்லை. அணியின் ஆட்டத்தைக் கேலி செய்வதாகத் தொடங்கி, இறந்த இரு இளைஞர்களிடம் போய் முடிந்ததில் இருக்கிறது. 162 ஆட்டங்கள் தந்த விஷயங்கள் போதாமல் மரணத்தைத் தேடிப் போகும் பகடி, தன் கைத்திறன் தீர்ந்துபோனதைத்தான் காட்டிக்கொடுக்கிறது.

நீலக் குறி இருந்த ஆண்டுகளில் பகடிக்காரர்களுக்கு ஒரு மறைமுகச் சலுகை கிடைத்திருந்தது. உண்மைக் கணக்கில் குறி இருக்கும், தங்கள் கணக்கில் இருக்காது. ஆகவே எவ்வளவு நெருக்கமாகப் போலச் செய்தாலும் சாவி தானாகவே வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. 2022 நவம்பரில் மாதம் 8 டாலர் செலுத்தும் எவருக்கும் அந்தக் குறி கிடைக்கும் என்று ஆனபோது இந்த ஏற்பாடு ஓரிரு நாட்களில் சரிந்தது. கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் அணிமாற்றம் கேட்பதாகவும், எலி லில்லி மருந்து நிறுவனம் இன்சுலினை இலவசமாக்கிவிட்டதாகவும் குறியிட்ட போலிக் கணக்குகள் அறிவித்தன. பகடி என்று தெளிவாகக் குறிப்பிடாத ஆள்மாறாட்டக் கணக்குகள் நிரந்தரமாக முடக்கப்படும் என்று அதற்குச் சில நாட்கள் முன்பே எலான் மஸ்க் எச்சரித்திருந்தார். 2025 ஏப்ரலிலிருந்து, இத்தகைய கணக்குகள் தங்கள் பெயரின் தொடக்கத்திலேயே பகடி, போலி, ரசிகர் போன்ற சொல் ஒன்றை இட வேண்டும் என்றும், உண்மைக் கணக்கின் படத்தையே வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளம் விதித்தது.

பெயரின் தொடக்கத்திலேயே "பகடி" என்று எழுதிவிட்டால் நகைச்சுவை செத்துவிடும் என்று முறையிடுபவர்கள் உண்டு. நான் இதை முழுவதும் ஏற்கவில்லை. வாசகர் நம்பிவிடுவதை மட்டுமே நம்பி எழுதிய பதிவுதான் அந்தச் சொல்லால் சாகும். காயப் பட்டியலில் நம்பிக்கையைச் சேர்த்த பதிவு போன்ற ஒன்று, முகப்பில் எத்தனை எச்சரிக்கை தொங்கினாலும் பிழைத்துக்கொள்ளும். ஆயினும், விதியின் வரம்பு எவ்வளவு குறுகியது என்பதையும் சொல்ல வேண்டும். பதிவு ஒன்று படமாகப் பிடிக்கப்பட்டு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும்போது, கணக்கின் பெயர் வெட்டப்பட்டுவிடலாம். அங்கே எஞ்சுவது வாக்கியம் மட்டுமே.

இந்த ஆபத்து உச்சத்துக்குப் போகும் காலங்கள் இரண்டு: ஜூலை இறுதியில் அணிகள் ஆட்டக்காரர்களைப் பரிமாறிக்கொள்ளும் கெடு நெருங்கும் நாட்களும், டிசம்பரில் பெரிய ஒப்பந்தங்கள் முடிவாகும் நாட்களும். அப்போது ரசிகர்கள் முன்னணிச் செய்தியாளர்களின் கணக்குகளை நொடிக்கொரு முறை புதுப்பித்துப் பார்ப்பார்கள். ஓர் எழுத்தை மட்டும் இரட்டித்து அதே செய்தியாளரின் பெயரில் திறக்கப்பட்ட கணக்குகள் பொய்யான ஆட்டக்காரர் பரிமாற்றங்களை அறிவிக்கும். இவற்றில் பெரும்பாலானவற்றைப் பகடி என்று அழைப்பது பகடிக்கு இழுக்கு. "இன்னார் இன்ன அணிக்குப் போகிறார்" என்ற நம்பத்தக்க பொய்யில் கண்டுபிடிக்க வேண்டிய விமர்சனம் எதுவும் இல்லை.

உண்மைச் செய்தியே பகடியாகிவிடுவதும் இதே பருவத்தில்தான். 2022 டிசம்பர் 6 அன்று, நியூயார்க் போஸ்ட் செய்தியாளர் ஜான் ஹேமன், யாங்கீஸ் அணியின் ஆரன் ஜட்ஜ் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணிக்குப் போவதாகத் தோன்றுகிறது என்று பதிவிட்டார். அவசரத்தில் ஆட்டக்காரரின் முதற்பெயர், தீவைப்புக் குற்றத்தைக் குறிக்கும் "ஆர்சன்" என்ற ஆங்கிலச் சொல்லாக விழுந்துவிட்டது. சில நிமிடங்களில் செய்தி திரும்பப் பெறப்பட்டது. ஜட்ஜ் 9 ஆண்டுகளுக்கு 36 கோடி டாலர் ஒப்பந்தத்தில் யாங்கீஸிலேயே தொடர்ந்தார். பிழையான பெயரும் பொய்த்துப்போன செய்தியும் சேர்ந்த அந்தப் பதிவு ஒரு போலிக் கணக்கின் வேலை என்று யாராவது சொல்லியிருந்தால், கைத்திறன் போதாது, இன்னும் நம்பும்படி எழுதியிருக்கலாம் என்றே தோன்றியிருக்கும்.

சட்டத்தின் பக்கம் அமெரிக்கப் பகடிக்காரர்களுக்கு ஒரு நல்ல அரண் உண்டு. அதுவும் பேஸ்பால் வழியாகவே வந்தது. ஓக்லஹோமாவில் 1992இல் தொடங்கப்பட்ட கார்ட்டூன்ஸ் என்ற நிறுவனம், ஆட்டக்காரர்களின் கேலிச் சித்திரங்களைக் கொண்ட அட்டைகளை அச்சிட முனைந்தது. பெரும் ஊதியம் பெற்ற பேரி பாண்ட்ஸ் அங்கே "டிரஷரி பாண்ட்ஸ்" (அரசுக் கடன் பத்திரங்கள்) ஆனார். மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் சங்கம் தடை கேட்டு எச்சரிக்கை அனுப்பியது. விவகாரம் நீதிமன்றம் சென்று, 1996இல் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தன் பெயரையும் உருவத்தையும் வணிகப்படுத்தும் உரிமை ஆட்டக்காரருக்கு உண்டு என்றாலும், புகழ்பெற்றவர்களைக் கேலி செய்யும் பேச்சுரிமை அதைவிடக் கனமானது என்பதே தீர்ப்பின் சாரம். தன்னைக் கேலி செய்வதற்கு எந்தப் பிரபலமும் உரிமம் தரப்போவதில்லை என்ற எளிய உண்மையும் அங்கே கணக்கில் கொள்ளப்பட்டது. ஆனால் அணியின் சின்னத்தைத் தன் சரக்கின் அடையாளமாகவே ஒட்டி விற்பவருக்கு இந்த அரண் உதவாது. 2023இல் ஜாக் டேனியல்ஸ் மதுப்புட்டி வடிவில் செய்யப்பட்ட நாய் பொம்மை தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த எல்லையைக் குறுக்கிவிட்டது. பதிவு எழுதுவதோடு நிற்பவருக்கும், அதே கேலியைச் சட்டையில் அச்சிட்டு விற்பவருக்கும் இடையிலான கோடு இது.

இந்தத் தொல்லைகள் அனைத்தையும் ஒரே தாவலில் கடந்துவிட்ட ஒரு கணக்கை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. 19ஆம் நூற்றாண்டின் பந்துவீச்சாளர் சார்லஸ் "ஓல்டு ஹாஸ்" ராட்போர்ன், 1884இல் பிராவிடன்ஸ் அணிக்காக ஒரே பருவத்தில் 59 வெற்றிகளை (பழைய பதிவேடுகளில் 60) ஈட்டியவர். 1886இல் எடுக்கப்பட்ட ஓர் அணிப் புகைப்படத்தில் கேமராவை நோக்கி நடுவிரலைக் காட்டியபடி நிற்பவர். அவர் குரலில் எழுதப்படும் கணக்கு, இன்றைய பந்துவீச்சாளர்கள் ஐந்து இன்னிங்ஸில் களைத்துப்போவதை ஒரு விக்டோரியக் காலக் கிழவரின் அருவருப்போடு நோக்குகிறது. 1897இல் இறந்தவர் ட்விட்டரில் எழுத முடியாது என்பதால் சாவியைத் தனியே வைக்க வேண்டிய தேவையே அங்கே எழவில்லை.

அண்மை ஆண்டுகளில் பகடிக்கு நேர்ந்திருக்கும் பெரிய மாற்றம், அணி நிர்வாகங்களே அதைக் கைப்பற்றிக்கொண்டதுதான். 2020 இறுதியில் மெட்ஸ் அணியை வாங்கிய ஸ்டீவ் கோஹன், சில நாட்களிலேயே, பாபி போனியாவுக்கு ஆண்டுதோறும் மைதானத்தில் பெரிய காசோலை கொடுத்து விழா எடுக்கலாமா என்று ட்விட்டரில் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டார். 2024 ஜூன் 12 அன்று, மெக்டொனால்ட்ஸ் விளம்பரங்களில் வரும் கிரிமேஸ் என்ற ஊதா உருவம் சிட்டி ஃபீல்டு மைதானத்தில் சம்பிரதாய முதல் பந்தை வீசியது. அதுவரை தடுமாறிக்கொண்டிருந்த அணி அன்று தொடங்கி ஏழு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. ரசிகர்கள் ஊதா உருவத்தைத் தெய்வமாக்கிப் படங்கள் செய்தார்கள். நிர்வாகமும் அதில் சேர்ந்துகொண்டு, மைதானத்தில் ஊதா நிற இருக்கை ஒன்றையே அமைத்தது. மகிழ்ச்சியான காலம்தான் அது, அணி லீக் இறுதிச் சுற்றுவரை போயிற்று; ஆனால் நிர்வாகமே கேலியில் பங்கேற்றுவிட்டால், வெளியிலிருந்து கேலி செய்பவருக்கு விளம்பரத் துறையின் ஊதியமில்லா ஊழியர் என்ற பதவிதான் மிஞ்சுகிறது.

தோல்வியிலும் இது நடந்தது. அதே 2024இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி 121 ஆட்டங்களில் தோற்று, 1962 மெட்ஸின் 120 தோல்விகளை நவீன காலச் சாதனைப் பட்டியலிலிருந்து இறக்கியது. அந்தப் பருவத்தில் அணியின் அதிகாரப்பூர்வக் கணக்கு தோல்விகளை அலங்காரம் ஏதுமின்றி, ஓர் எழுத்தரின் களைப்போடு, வறண்ட வரிகளில் அறிவிக்கத் தொடங்கியது. பகடிக்காரர்கள் இத்தனை ஆண்டுகளாக வளர்த்தெடுத்த நடை அது; இப்போது சம்பளத்தோடு உள்ளேயிருந்து எழுதப்பட்டது.

ஆனால் உள்ளேயிருப்பவர் தொட முடியாத பொருள் ஒன்று உண்டு. ஆட்டக்காரர் பந்தை நழுவவிட்டதைப் பற்றி அதிகாரப்பூர்வக் கணக்கு சிரிக்கலாம். அந்த ஆட்டக்காரரை மலிவாக வாங்கிய உரிமையாளரைப் பற்றிச் சிரிக்க முடியாது. ஏ'ஸ் அணி ஓக்லாந்து நகரில் ஆடிய கடைசி ஆண்டுகளில் இது தெளிவாகத் தெரிந்தது. உரிமையாளர் ஜான் ஃபிஷர் அணியை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோக முனைந்தபோது, 2023 ஜூன் 13 அன்று 27,759 ரசிகர்கள், "விற்றுவிடு" என்ற ஒற்றைச் சொல் பொறித்த பச்சைச் சட்டைகளோடு, புறக்கணிப்புக்கு நேரெதிரான ஒரு போராட்டமாக மைதானத்தை நிரப்பினார்கள். 2024 செப்டம்பரில், ஓக்லாந்தின் இறுதி ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு, ஃபிஷர் ரசிகர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். தாங்கள் முயன்றதாக உளமாரச் சொல்வதாக அதில் ஒரு வரி இருந்தது. அணியின் ஊதியச் செலவைக் கடைசி இடங்களில் வைத்திருந்தவரின் அந்த வரியை மாற்றி எழுத வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. அதைச் சுற்றிக் கோடிழுத்துத் திரும்பப் பதிவிடுவதே போதுமானதாக இருந்தது. அந்த வேலையை அணியின் அதிகாரப்பூர்வக் கணக்கு செய்திருக்க முடியாது.